ஸ்டூலில் உட்காரும் அந்த ஒரு நிமிடம்

"அண்ணா, இன்னைக்கு எங்களைச் சாகடிச்சிடுங்க." புதிதாகச் சேரும் பையன்களில் பாதிப் பேர் முதல் வாரத்திலேயே இப்படிக் கேட்டுவிடுவார்கள். வாந்தி வர வேண்டும், பயிற்சி முடிந்ததும் தரை விரிப்பிலேயே கவிழ்ந்து கிடக்க வேண்டும், மறுநாள் படியிறங்கும்போது தொடை நடுங்க வேண்டும். அப்போதுதான் வேலை நடந்தது என்று அவர்களுக்கு மனசு ஆறும். பார்க்கிற வீடியோக்களும் அப்படித்தான். பெரிய டயரைப் புரட்டுகிறார்கள், தடித்த கயிறுகளைத் தரையில் அடிக்கிறார்கள், மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க்கோடு ஓடுகிறார்கள், பின்னணியில் யாரோ கத்திக்கொண்டே இருக்கிறார். அந்த மாஸ்க்கைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அதைப் போட்டால் மலை மேல் பயிற்சி செய்த பலன் வந்துவிடாது. காற்றில் ஆக்சிஜன் இருந்தபடியேதான் இருக்கும். மூச்சை இழுப்பது சிரமமாகும், அவ்வளவுதான்.

சண்டை கொடுமையானது, அதனால் அதற்கான பயிற்சியும் கொடுமையாக இருக்க வேண்டும் என்ற கணக்கு கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவரைக் களைப்படையச் செய்ய பயிற்சியாளரே தேவையில்லை. முந்நூறு பர்பி (தரையில் படுத்து எழுந்து குதிப்பது) போடு என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். போட்டு முடித்தவன் எட்டு வாரம் கழித்து கேஜுக்குள், அதாவது சண்டை நடக்கும் கூண்டுக்குள் போகும்போது முன்பைவிட நன்றாகச் சண்டை போடுகிறானா? எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை விளையாட்டு) வீரர்களின் ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங், அதாவது பலமும் தாங்குதிறனும் வளர்க்கும் வேலையில் இருக்கும் எனக்கு வேறு அளவுகோல் கிடையாது. இந்தக் கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு ஒரு சண்டை காரணம். அதை எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கார்னரில் பார்த்தது

அவனைத் தம்பி என்றே சொல்கிறேன். லைட்வெயிட், அதாவது 70.3 கிலோ பிரிவு. ஜிம்மில் அவனைவிட அதிகம் தூக்கக் கூடியவர்கள் எல்லாருமே அவனைவிட மிகப் பெரிய உருவக்காரர்கள். டெட்லிஃப்டில் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது) தன் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு எடுப்பான். ஏர் பைக்கில் பத்து விநாடி ஸ்பிரின்ட் வைத்தால் பக்கத்தில் ஒருத்தரும் வர முடியாது. சண்டைக்கு முந்தைய அந்தப் பயிற்சி கேம்ப் முழுக்க வாரம் மூன்று நாள் சர்க்யூட், அதாவது ஓய்வில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் பயிற்சிகள். கெட்டில்பெல், ஸ்லெட், பர்பி, கயிறு, மறுபடியும் கெட்டில்பெல். ஒரு நாளும் அவன் பாதியில் நிறுத்தியதில்லை. அந்தத் திட்டத்தைப் போட்டவர் வேறொருவர். நான் அப்போதுதான் அந்த ஜிம்முக்குள் வந்திருந்தேன். சண்டையன்று கார்னரில் என் பொறுப்பு தண்ணீர் பாட்டிலும் ஐஸ் பையும்.

முதல் ரவுண்டில் இரண்டு டேக்டவுன். இரண்டுமே எதிராளியை இடுப்போடு தூக்கிப் போட்டது. கூட்டம் எழுந்து நின்றது. ரவுண்டு முடிந்து தம்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். மவுத்கார்டை நான்தான் எடுத்தேன், எச்சில் நூலாக நீண்டு வந்தது. தண்ணீர் கொடுத்தால் விழுங்க முடியவில்லை. விழுங்க வேண்டுமென்றால் மூச்சை ஒரு கணம் நிறுத்த வேண்டும், அந்த ஒரு கணத்தைக்கூட அவன் உடம்பு தர மறுத்தது. தண்ணீர் வாயோரம் வழிந்து மார்பில் ஓடியது. வயிறு அசையவே இல்லை. தோள்கள் மட்டும் காது வரை ஏறி ஏறி இறங்கின, கழுத்துத் தசைகள் புடைத்து நின்றன. மாஸ்டர் முன்னால் முட்டி போட்டு, "வலது பக்கமா சுத்து. அவன் இடது கையை இறக்குறான், பார்த்தியா?" என்று கேட்டார். தம்பி தலையை ஆட்டினான். ஆனால் கண் மாஸ்டரின் முகத்தில் இல்லை. அவன் பிடரியில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டு, மூச்சு கொஞ்சமாவது தணியுமா என்று காத்திருந்தேன். தணியவில்லை.

ஒரு நிமிட இடைவேளை என்பது பேச்சுக்குத்தான். வந்து உட்கார நேரம் போகும், முடிவதற்குக் கொஞ்சம் முன்பே கார்னர் ஆட்களை வெளியேறச் சொல்வார்கள், நடுவில் மிஞ்சுவது ஏறக்குறைய நாற்பது விநாடி. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வெளியேறும்போது எதிர் மூலையைப் பார்த்தேன். இரண்டு முறை தூக்கிப் போடப்பட்ட அந்தப் பையன் வாயை மூடி மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, தன் கோச்சிடம் ஏதோ கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான். பார்க்க ஒல்லியாக, தோளில் பெரிய சதை எதுவும் இல்லாத பையன். இரண்டாவது ரவுண்டின் பாதியில் தம்பியின் கைகள் இறங்கிவிட்டன. மூன்றாவது ரவுண்டை ஏறக்குறைய முழுதாக முதுகைத் தரையில் வைத்துக் கழித்தான். நடுவர்களின் தீர்ப்பில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அன்று இரவு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஸ்டாமினா பத்தலை என்றார் ஒருவர். பதற்றம், அட்ரினலின் என்றார் இன்னொருவர். சர்க்யூட் இன்னும் கூடுதலாகப் போட்டிருக்க வேண்டும் என்பதுதான் பெரும்பான்மைக் கருத்து. இந்தக் கடைசிக் காரணம்தான் எனக்குச் செரிக்கவே இல்லை. கேம்ப் முழுக்கத் தம்பி வேறு என்ன செய்தான்? சர்க்யூட் போதவில்லை என்று சொல்ல அந்த ஜிம்மில் ஒரே ஒருவனுக்கு இடமில்லை என்றால் அது அவனுக்குத்தான்.

ஐந்து நிமிடத்துக்குள் நடப்பது

தசைக்குக் கையில் இருக்கும் எரிபொருள் ஏடிபி. அது சில விநாடிக்குத்தான் காணும். தீரத் தீர அதை மறுபடி உண்டாக்க உடம்புக்கு மூன்று வழிகள். முதலாவது கிரியேட்டின் பாஸ்பேட். மிக வேகமானது, ஆனால் முழு மூச்சில் இறங்கினால் பத்து விநாடி அளவுக்குத்தான் தாங்கும். இரண்டாவது, ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை உடைப்பது. அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று கடும் வேகத்தைத் தாங்கிப் பிடிக்கும், கூடவே தசையில் அமிலத்தன்மையும் ஏறிக்கொண்டே போகும். மூன்றாவது ஆக்சிஜன் வழி. மெதுவானது, ஆனால் மணிக்கணக்கில் ஓடும். எம்எம்ஏ என்றால் வெடித்துக் கிளம்பும் விளையாட்டு, அதனால் முதல் இரண்டுதான் முக்கியம் என்று நினைப்பது வழக்கம். ஆனால் ஒரே மூச்சில் முழு முயற்சி போட்டால்கூட சுமார் 75 விநாடியில் ஆக்சிஜன் வழியின் பங்கு பாதியைத் தொட்டுவிடுகிறது என்று 2001-இல் பால் காஸ்டின் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார். ஒரு ரவுண்டு 300 விநாடி. சாதாரணச் சண்டைக்கு மூன்று ரவுண்டு, பட்டச் சண்டைக்கு ஐந்து.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. டேக்டவுனுக்குப் பாய்ந்து தீர்த்துவிட்ட கிரியேட்டின் பாஸ்பேட்டைத் திரும்ப நிரப்புவதும் ஆக்சிஜன் வழிதான். வெடித்துக் கிளம்பும் சக்தி ஒரு சின்னக் குடம் என்றால், அதை நிரப்பும் குழாய் இதயமும் நுரையீரலும் தசைக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவும். தம்பியிடம் இருந்தது நல்ல பெரிய குடம். இரண்டு முறை மொத்தமாகக் கவிழ்த்தான். குழாயில் நூலாகத்தான் தண்ணீர் வந்தது. சண்டையில் யாரும் ஐந்து நிமிடமும் பாய்ந்துகொண்டே இருப்பதில்லை. பாய்வார்கள், சுற்றி வருவார்கள், கிளிஞ்சில் (நின்றபடி ஒருவரையொருவர் கட்டிப் பிடிப்பது) சாய்வார்கள், மறுபடி பாய்வார்கள். அந்த இடைப்பட்ட விநாடிகளிலும் ஸ்டூலில் உட்காரும் நிமிடத்திலும் எவ்வளவு நிரம்புகிறது என்பதை வைத்துத்தான் அடுத்த பாய்ச்சல். போகிற போக்கில் இன்னொன்று: லாக்டிக் ஆசிட்டை வில்லனாக்கிப் பேசும் பழக்கம் ஜிம்களில் இன்னும் போகவில்லை. லாக்டேட்டை இதயமே எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. அதை எரிக்கவும் ஆக்சிஜன் வழி வலுவாக இருக்க வேண்டும்.

யுஎஃப்சி என்ற பெரிய எம்எம்ஏ அமைப்பின் மேடையில் இது பல முறை கண்முன்னே நடந்திருக்கிறது. 2016 மார்ச்சில் நேட் டயஸ் 11 நாள் அவகாசத்தில் கானர் மெக்ரெகரோடு மோத வந்தார். முதல் ரவுண்டில் மெக்ரெகர் கனமாக அடித்தார். இரண்டாவதில் அவருடைய கை ஓய்ந்தது, டயஸ் பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்து முடித்தார். டயஸ் டிரையத்லான் போட்டிகளில் கலந்துகொள்கிறவர். மெதுவாக, நீண்ட நேரம் நீந்துவதும் சைக்கிள் மிதிப்பதும் ஓடுவதும் அவருக்கு வாழ்க்கை முறை. அதே ஆண்டு ஆகஸ்டில் நடந்த மறுசண்டைக்கு மெக்ரெகர் தயாரானபோது அவர் பயிற்சியில் சைக்கிளுக்குப் பெரிய இடம் வந்தது. ஐந்து ரவுண்டையும் நின்று முடித்து ஜெயித்தார். அதற்கு முந்தைய ஆண்டு, 2015 ஜூனில், கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் மெக்சிகோ நகரத்தில் கெய்ன் வெலாஸ்க்வெஸ் ஃபப்ரிசியோ வெர்டூமிடம் தோற்றார். ஓயாமல் நெருக்குவதற்கே பேர்போனவர் வெலாஸ்க்வெஸ். ஹெவிவெயிட்டில் அவரைப் போல மூச்சு பிடித்தவர் கிடையாது என்று எல்லாரும் சொன்ன காலம் அது. வெர்டூம் பல வாரம் முன்பே மலைப்பகுதிக்குப் போய்ப் பழகியிருந்தார். மூன்றாவது ரவுண்டில் வெலாஸ்க்வெஸ் டேக்டவுனுக்குத் தலையைக் கொடுத்தபோது கில்லட்டின் என்ற கழுத்துப் பிடியில் மாட்டினார். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் முதலில் போவது அந்தத் திரும்ப நிரப்பும் வேகம்தான்.

இந்தப் பேச்சை எடுத்தாலே யாராவது ஒருவர் டபாட்டாவைக் கொண்டு வருவார். நாலு நிமிடம் போதுமே, எதற்கு மணிக்கணக்கில் ஓட வேண்டும் என்பார். இசுமி டபாட்டாவும் சகாக்களும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில் 20 விநாடி வேலை, 10 விநாடி ஓய்வு, ஏழெட்டு முறை என்பது உண்மை. ஆனால் அது அளவுகோல் பொருத்திய சைக்கிளில், உடம்பு ஆக்சிஜனை உச்ச அளவில் எடுத்துக்கொள்ளும் வேகத்தைப் போல 170 சதவீதத்தில் செய்தது. வேகத்தைத் தக்கவைக்க முடியாமல் போனதும் நிறுத்திவிட்டார்கள். கெட்டில்பெல்லை வைத்துக்கொண்டு வடிவம் கலைந்து கலைந்து செய்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த ஆய்வில் வாரத்தில் ஒரு நாள் 30 நிமிடம் சீரான மிதமான வேகத்தில் மிதிக்கவும் வைத்தார்கள். அதை மட்டும் யாரும் சொல்வதே இல்லை.

மார்புப் பட்டை சொன்னது

அந்தச் சண்டைக்குப் பிறகு மாஸ்டர் கண்டிஷனிங்கை என்னிடம் ஒப்படைத்தார். முதலில் நான் கேட்டது ஒன்றே ஒன்று: பேட்ஸ் (பயிற்சியாளர் கையில் பிடிக்கும் மெத்தை) அடிக்கும் நாளில் எல்லாருக்கும் இதயத் துடிப்பை அளக்கும் மார்புப் பட்டை மாட்ட வேண்டும். மூன்று ஐந்து நிமிட ரவுண்டு, சண்டை மாதிரியே ஒரு நிமிட இடைவேளை. ரவுண்டு முடியும்போது துடிப்பு எவ்வளவு, ஸ்டூலில் ஒரு நிமிடம் உட்கார்ந்த பிறகு எவ்வளவு, இரண்டையும் வெள்ளைப் பலகையில் எழுதினேன்.

அந்தப் பலகைக்கு முன்னால் நின்றதுதான் எனக்குத் திருப்பம். ரவுண்டு முடியும்போது எல்லாருடைய எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உச்சத்துக்குப் பக்கத்தில், 180-ஐ ஒட்டி. வித்தியாசம் முழுக்க இரண்டாவது வரிசையில் இருந்தது. கல்லூரிக் காலத்திலிருந்து ரெஸ்லிங் செய்யும் ஒரு பையனுக்கு ஒரு நிமிடத்தில் நாற்பதுக்கு மேல் இறங்கியது. தம்பிக்கு முதல் இடைவேளையில் பதினைந்துகூட இறங்கவில்லை. இரண்டாவது இடைவேளையில் அதுவும் இல்லை. ஜிம்மிலேயே பலசாலி, ஜிம்மிலேயே அதிகம் உழைப்பவன், பட்டியலில் கடைசி. மாஸ்டர் பலகையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசுவதைவிடப் பார்ப்பது அதிகம். அப்புறம், "இவனுக்கு நாம இவ்வளவு நாளா வேலை செய்யத்தான் சொல்லிக் குடுத்திருக்கோம், நிறுத்தச் சொல்லிக் குடுக்கல" என்றார்.

நான் எழுதிக் கொடுத்த திட்டம் தம்பியை அவமானப்படுத்தியது போல ஆகிவிட்டது. வாரம் மூன்று முறை, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம், இதயத் துடிப்பு 130-க்கும் 150-க்கும் நடுவில். ஓட்டமோ சைக்கிளோ கயிறு தாண்டலோ, எதுவாக இருந்தாலும் பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். ஆரம்பத்தில் அவனால் ஓடவே முடியவில்லை. கொஞ்சம் ஓடினாலும் துடிப்பு 160-ஐத் தாண்டிவிடும், உடனே நடக்க வேண்டும். "அண்ணா, வாக்கிங் போற பெரியவங்க என்னைத் தாண்டிப் போறாங்க" என்றான். குரலில் அழுகை இருந்தது. பலம்தான் அவனுடைய அடையாளம், அதை வைத்து இங்கே ஒன்றும் செய்ய முடியவில்லை.

இந்த மெதுவான வேகத்துக்குக் காரணம் இருக்கிறது. இதயம் நிரம்ப நேரம் வேண்டும். துடிப்பு உச்சத்துக்குப் போகும்போது ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் அறை நிரம்பும் நேரம் சுருங்கிவிடுகிறது. மிதமான துடிப்பில் ஒவ்வொரு முறையும் நிறைய ரத்தம் உள்ளே வந்து அறையை விரிக்கிறது. மாதக்கணக்கில் இதைச் செய்தால் ஒரு துடிப்புக்கு வெளியேறும் ரத்தத்தின் அளவு கூடுகிறது, தசைக்குள் நுண்குழாய்களும் மைட்டோகாண்ட்ரியாவும் பெருகுகின்றன. குத்துச்சண்டைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக விடியலில் ஓடியதற்குப் பின்னால் இந்த விளக்கம் எதுவும் இல்லை, ஆனால் விளைவு அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மாஸ்டருக்கு ஒரு பயம் இருந்தது. மெதுவாக ஓடினால் ஆளே மெதுவாகிவிடுவானே? இதற்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ராபர்ட் ஹிக்சன் 1980-இல் வெளியிட்ட ஆய்வில் எடைப் பயிற்சியும் தாங்குதிறன் பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்களின் பலம் ஏழு வாரம் போல ஏறி, அப்புறம் நின்று, பத்தாவது வாரம் முடிவதற்குள் இறங்கத் தொடங்கியது. ஆனால் அவர்கள் வாரம் ஐந்து நாள் கனமான எடையும் ஆறு நாள் கடுமையான ஓட்டமும் சைக்கிளும் செய்தார்கள். நான் கேட்டது சண்டைத் தேதி குறிக்கப்படாத காலத்தில், மூன்று மெதுவான நாள். சண்டை நெருங்க நெருங்க அது இரண்டாகி, ஒன்றாகி, அந்த இடத்தில் கூர்மையான சிறு வெடிப்புகள் வரும். அடித்தளம் போட்ட பிறகு அந்த வெடிப்புகளைத் தம்பி தாங்கிய விதமே வேறாக இருந்தது. அடுத்த சண்டையின் முதல் இடைவேளையில் தண்ணீரை விழுங்கினான். மாஸ்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே, "மாஸ்டர், லோ கிக் போடலாமா? அவன் முன்னங்காலைத் தூக்கவே மாட்டேங்குறான்" என்று கேட்டான்.

எடை தூக்குவது எதற்கு

இதையெல்லாம் படித்துவிட்டு எடைப் பயிற்சியே வேண்டாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பலம் இல்லாதவனைக் கிளிஞ்சில் சுவரோடு ஒட்டி வைத்துவிடுவார்கள். ஆனால் சண்டைக்காரனுக்குப் பலம் ஓரளவு வந்த பிறகு இன்னும் பத்து கிலோ டெட்லிஃப்ட் கூடுவதால் கிடைப்பது மிகக் குறைவு. தசை தன் முழு பலத்தை எட்ட மூன்றில் ஒரு விநாடியாவது பிடிக்கும். குத்து அதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே எவ்வளவு பலம் என்பதோடு எவ்வளவு சீக்கிரம் என்பதும் சேர்ந்தால்தான் பயன். வாரம் இரண்டு முறை, முக்கால் மணி நேரம், மூன்றிலிருந்து ஐந்து ரெப், செட்டுக்கு நடுவில் மூன்று நிமிடம் ஓய்வு, பக்கத்தில் மெடிசின் பால் எறிவது, தாவுவது. அந்த மூன்று நிமிடம் உட்கார வைப்பதுதான் பெரும்பாடு. உட்கார்ந்தால் குற்ற உணர்ச்சி வந்துவிடுகிறது, எழுந்து நிழல் குத்து விட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

தளர்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தம்பியின் இன்னொரு பிரச்சினை அங்கேதான் இருந்தது. ஸ்டூவர்ட் மெக்கில்லும் சகாக்களும் தேர்ந்த எம்எம்ஏ வீரர்களின் தசைச் செயல்பாட்டை அளந்து 2010-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அடிக்கும்போது தசை இரண்டு முறை உச்சம் தொடுகிறது. கிளம்பும்போது ஒன்று, இலக்கில் படும்போது ஒன்று. நடுவில் தளர்கிறது, வேகம் அந்தத் தளர்வில் வருகிறது. தம்பிக்கு அந்த நடுப்பகுதியே கிடையாது. எதைப் பிடித்தாலும் உயிரைப் பிடிப்பது போலப் பிடிப்பான். கிளிஞ்சில் எதிராளியின் முழங்கைக்கு மேலே அவன் விரல்கள் பதிந்த தடம் வெள்ளையாகத் தெரியும். தசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் உள்ளே போகும் ரத்தமே தடைபடுகிறது. எவ்வளவு நல்ல இதயம் இருந்தாலும் முன்கைக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. இதை பார்பெல் கொண்டு சரிசெய்ய முடியாது. மாஸ்டர் அவனை மிக லேசான எதிர்ப்போடு கிளிஞ்சில் மணிக்கணக்கில் ஆட வைத்தார், பேசிக்கொண்டே. பேச்சு நின்றால் இறுக்கிவிட்டான் என்று அர்த்தம். கண்டிஷனிங்கில் பெரிய பங்கு டெக்னிக்கில் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள என் துறை ஆட்களுக்கு மனசு வர வேண்டும்.

கழுத்துக்கு நான் எப்போதும் நேரம் ஒதுக்குவேன். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விளையாட்டு மாணவர்களைப் பற்றிய 2014-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், கழுத்து பலம் ஒரு பவுண்டு கூடும்போது மூளை அதிர்ச்சிக்கான வாய்ப்பு 5 சதவீதம் குறைந்தது. அது கால்பந்தும் கூடைப்பந்தும் லக்ராஸும் ஆடியவர்கள், குத்து வாங்கியவர்கள் அல்ல. அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் செலவில்லாத வேலை. ஜோடி ஆள் நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தள்ள, தலை அசையாமல் நிற்க வேண்டும். நெற்றி, பிடரி, இரு பக்கமும். வாரம் இரண்டு முறை ஐந்து நிமிடம். வீடியோவுக்கு நன்றாக இருக்காது, அதனால்தான் இதை யாரும் செய்வதில்லை என்று நினைக்கிறேன்.

ஒரே காகிதம்

ரெஸ்லிங்குக்கு ஒரு கோச், ஸ்டாண்ட்-அப்புக்கு ஒருவர், ஜியு-ஜிட்சுவுக்கு ஒருவர், கண்டிஷனிங்குக்கு நான். நாலு பேரும் தங்கள் மணி நேரத்தில் பையனின் முழுச் சக்தியையும் எடுத்துக்கொள்ள நினைத்தால் பையன் என்ன ஆவான்? காயம் வந்த பிறகுதான் எல்லாரும் ஒரே மேசையில் உட்காருவார்கள். கார்ல் ஃபாஸ்டர் கொண்டு வந்த எளிய கணக்கு ஒன்று உண்டு. பயிற்சி முடிந்து அரை மணி கழித்து, எவ்வளவு கடுமையாக இருந்தது என்று பத்துக்கு ஒரு எண் கேட்க வேண்டும். அதை நிமிடத்தால் பெருக்க வேண்டும். 90 நிமிட ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை), கடுமை 8 என்றால் 720. 60 நிமிட மெதுவான ஓட்டம், கடுமை 3 என்றால் 180. எல்லா கோச்சுகளின் எண்ணும் ஒரே காகிதத்தில் வந்தபோது, கடினமான நாள் என்று நாங்கள் நினைத்தது இரண்டுதான், ஆனால் பையன்களுக்கு ஐந்து நாளும் அப்படித்தான் இருந்தன என்பது தெரிந்தது. வெட்ட வேண்டி வந்தால் முதலில் வெட்டப்பட வேண்டியது என் வகுப்பு. இதை நான் மனப்பூர்வமாகச் சொல்கிறேன். சண்டைக்காரன் சண்டை பழக வந்தவன். பார்பெல் அதற்குத் துணை.

ஸ்பாரிங்கிலும் இதே கேள்வி வருகிறது. யுஎஃப்சி வீரர் மேக்ஸ் ஹாலோவே கேம்பில் ஸ்பாரிங்கை விட்டுவிட்டதாக வெளிப்படையாகவே சொன்னவர். 2021 ஜனவரியில் கால்வின் கேட்டருக்கு எதிரே ஐந்து ரவுண்டில் 445 முக்கிய அடிகளை இறக்கினார், யுஎஃப்சியில் அதுவே சாதனை. கடைசி ரவுண்டில் எதிராளியைப் பார்க்காமல் வர்ணனையாளர்களோடு பேசிக்கொண்டே அடித்தார். எல்லாரும் ஸ்பாரிங்கை விட வேண்டும் என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. அவர் அதுவரை பல ஆண்டு ஸ்பாரிங் செய்து சேர்த்தது கையில் இருந்தது. ஆனால் சண்டைக்கு முந்தைய வாரங்களில் உடம்பை நொறுக்காமல் விட்டால் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க அதைவிட நல்ல சண்டை எனக்குத் தெரியாது.

எட்டு வாரச் சேமிப்பும் ஒரு ராத்திரியும்

இத்தனை வேலையையும் ஒரே ராத்திரியில் கரைக்கக் கூடியது வெயிட் கட், அதாவது எடை பார்க்கும் நாளுக்காக அவசரமாக எடையைக் குறைப்பது. தம்பி சாதாரண நாளில் 80 கிலோவை ஒட்டி இருப்பான். 70.3-க்கு இறங்க கடைசி நாட்களில் வெந்நீர்த் தொட்டி, சானா, பிளாஸ்டிக் உடை. வியர்வையாகப் போகும் தண்ணீரில் ஒரு பகுதி ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து போகிறது. பிளாஸ்மா குறைந்தால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், ஒரு துடிப்புக்கு வெளியேறும் அளவு குறையும், அதை ஈடுகட்டத் துடிப்பு ஏறும். நாங்கள் மாதக்கணக்கில் ஓடி ஓடிச் சேர்த்தது அதே ஒரு துடிப்பின் அளவைத்தான். எடை பார்த்த பிறகு ஒரு நாள் குடித்தாலும் முழுதாகத் திரும்புவதில்லை.

உயிரே போயிருக்கிறது. 2015 டிசம்பரில் சீன வீரர் யாங் ஜியான் பிங் மணிலாவில் சண்டைக்காக எடை குறைக்கும்போது சரிந்து விழுந்து இறந்தார். வயது 21. அதன் பிறகு, அந்தச் சண்டையை நடத்தவிருந்த ‘ஒன் சாம்பியன்ஷிப்’ அமைப்பு தண்ணீரை வற்றவைத்து எடை குறைப்பதைத் தடை செய்து, உடலில் நீர் போதுமான அளவு இருக்கிறதா என்று சிறுநீர்ப் பரிசோதனை வைத்தது. மற்ற அமைப்புகளும் இதைச் செய்ய வேண்டும். செய்யும் வரை ஒவ்வொரு ஜிம்மும் தானாகவே ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் ஜிம்மில் அந்தக் கோட்டைப் பற்றித்தான் இப்போது பேச்சு. தம்பியை 77.1 கிலோ வெல்டர்வெயிட்டுக்கு ஏற்ற வேண்டும் என்கிறேன் நான். அங்கே வருபவர்கள் 85, 88-லிருந்து இறங்கி வருவார்கள், இவன் உயரத்துக்கு கை எட்டாது என்கிறார் மாஸ்டர். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, தம்பிக்கோ அந்த ராத்திரிகளின் பயம் இன்னும் போகவில்லை. கடைசியில் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டோம். அடுத்த கேம்பின் நாலாவது வாரம் மூன்று ரவுண்டு பேட்ஸ், மார்புப் பட்டையோடு. முதலில் அவன் சாதாரண எடையில். பத்து நாள் கழித்து, தண்ணீரை வற்றவைக்காமல் சாப்பாட்டில் மட்டும் எவ்வளவு இறங்க முடிகிறதோ அந்த எடையில் மறுபடி. ஒரு நிமிட இடைவேளையில் துடிப்பு இரண்டு முறையும் ஒரே மாதிரி இறங்கினால், அந்த எடைக்கு எந்தப் பிரிவு பக்கமோ அதில் அவன் பெயரைக் கொடுப்போம். இறங்காவிட்டால் 77.1. மாஸ்டர் இதைத் தன் கையாலேயே பலகையின் மேல் ஓரத்தில் எழுதி, யாரும் அழிக்கக் கூடாது என்று அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறார்.